குலை பழுப்பதற்கும் பாகு கெடாதிருப்பதற்கும்: உணவுச் சேர்க்கைப் பொருள்களும் அவற்றின் அளவும்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியே கோப்பாயைக் கடந்து செல்வோர் செம்மண் தோட்டங்களிடையே அமைந்த நீர்வேலிக் கிராமத்தைக் காண்பர். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டிலே, சுண்ணக்கற் பாறையைக் குடைந்து வெட்டிய கிணறுகளின் நீரை இறைத்து, தலைமுறை தலைமுறையாக இவ்வூரார் வாழை வளர்த்து வருகின்றனர். இதரை, கதலி, கப்பல், மொந்தன் ஆகிய இனங்கள் யாவும் இம்மண்ணுக்குப் பழக்கமானவை. நீர்வேலிக் குலை என்றால் சந்தையிலே அதற்கெனத் தனி மதிப்பு உண்டு.

அம்மதிப்பு குலையின் பருமனால் மட்டும் வந்ததன்று. வாங்கிய பழத்தை உரித்துக் குழந்தையின் கையில் அச்சமின்றிக் கொடுக்கலாம் என்ற நம்பிக்கையாலும் வந்தது. அந்நம்பிக்கைக்கு இரண்டு சமயங்களிலே சோதனை ஏற்படுகின்றது. தைப்பொங்கல், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழா, நவராத்திரி ஆகிய காலங்களிலே பழத்திற்குத் தேவை மிகுந்து விலை ஏறும். முற்றாத காயையும் வெட்டி, ஏதேனும் ஒரு மருந்தினாலே இரண்டு நாளில் மஞ்சளாக்கி விற்கும் ஆசை அப்போது எழும். இது முதலாவது சோதனை. குலைகள் ஒருங்கே முற்றிச் சந்தை நிரம்பி விலை விழும் காலத்திலே, மிஞ்சிய பழத்தைப் பாகாகவும் வற்றலாகவும் ஆக்கி வைக்க முனைவோர், அது கெடாதிருக்கும் பொருட்டு ஏதோ ஒரு தூளைக் கைக்கு வந்தபடி அள்ளிப் போடுவதும் உண்டு. இது இரண்டாவது.

இரண்டு சமயங்களிலும் உணவோடு பிறிதொரு பொருள் சேருகின்றது. அவ்வாறு சேர்ப்பதெல்லாம் தீது என்று ஒதுக்குவதும் தவறு. கடையில் விற்கப்படுவதெல்லாம் நன்று என்று ஏற்பதும் தவறு. எந்தப் பொருளை, எந்த நோக்கத்திற்காக, எந்த அளவில் சேர்ப்பது என்பதைக் கமக்காரரும் இல்லத்தரசிகளும் அறிந்திருத்தல் வேண்டும்.

சேர்ப்பது புதிதன்று

உணவிலே வேறொரு பொருளைச் சேர்த்து அதைக் காக்கும் வழக்கம் குடாநாட்டிற்குப் புதிதன்று. பனையிலிருந்து இறக்கும் பாளைநீர், சில மணி நேரத்திலே நொதித்துக் கள்ளாகும் இயல்புடையது. அதைக் கருப்பநீராகவே பெறவேண்டுமாயின், முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசிப் பாளையிலே கட்டுவர். சுண்ணாம்பின் காரத்தன்மையால் நொதியங்கள் பெருகமாட்டா. பின்னர், சுண்ணாம்பு அடியிற் படிந்தபின் தெளிந்த நீரை வடித்தெடுத்துக் காய்ச்சிப் பனங்கட்டி ஆக்குவர். சுண்ணாம்பு இங்கே ஓர் உணவுச் சேர்க்கைப் பொருளாகும். மாங்காய் ஊறுகாயிற் சேரும் உப்பும், மீனிற் சேரும் புளியும், தேசிக்காய்ச் சாறும் இத்தகையனவே.

அளவின் முக்கியத்துவத்தையும் இச்சுண்ணாம்பே கற்பித்து வந்துள்ளது. வெற்றிலையிலே விரல் நுனியளவு தடவினாற் போதும். சிறிது கூடினாலும் வாய் வெந்துவிடும் என்பதை வெற்றிலை போடுவோர் யாவரும் அறிவர். பொருள் ஒன்றே, அளவு வேறுபட்டவுடன் பயன் வேறு, கேடு வேறு ஆகின்றது. ஆய்வுகூடங்களிலே உணவுச் சேர்க்கைப் பொருள்களைப் பற்றி ஆராய்வோர் முதலிற் கவனிப்பதும் இதனையே.

அளவு வகுக்கப்படும் முறை

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாயத் தாபனமும் உலக சுகாதாரத் தாபனமும் இணைந்து, உணவுச் சேர்க்கைப் பொருள்களை ஆராய்வதற்கென 1956ஆம் ஆண்டிலே ஒரு நிபுணர் குழுவை அமைத்தன. 1963ஆம் ஆண்டிலே கோடெக்சு என்னும் சருவதேச உணவு நியம ஆணைக்குழுவும் நிறுவப்பட்டது. இக்குழுக்கள் இன்றும் இயங்கி வருகின்றன.

நிபுணர் குழு ஒவ்வொரு பொருளுக்கும், மனிதன் ஒருவன் வாழ்நாள் முழுவதும் தினந்தோறும் உண்டாலும் தீங்கு நேரிடாது என்று கருதத்தக்க அளவைத் தீர்மானிக்கின்றது. பொதுவாக, விலங்குகளுக்கு நெடுங்காலம் கொடுத்துச் சோதித்து, எந்த அளவிலே யாதொரு தீங்கும் தோன்றவில்லையோ அந்த அளவை எடுத்து, அதிலும் நூற்றில் ஒரு பங்கையே மனிதனுக்கு ஏற்றதெனக் கொள்வர். உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் இத்தனை மில்லிகிராம் என்று அவ்வளவு கூறப்படும். ஆகையால், 50 கிலோகிராம் நிறையுள்ள தந்தைக்கு ஏற்ற அளவு, 15 கிலோகிராம் நிறையுள்ள குழந்தைக்கு ஏற்றதாகாது. சிறுவர் உண்ணும் பண்டங்களிலே மிகுந்த கவனம் வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

காய் கனியாவது எவ்வாறு?

வாழைக்காயின் சதையிலே நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரை மாச்சத்து உண்டு. அது பழுக்கும்போது அம்மாச்சத்து சீனியாக மாறி, இறுதியில் நூற்றுக்கு 1 அல்லது 2 பங்கே எஞ்சும். தோலின் பச்சை நீங்கி மஞ்சள் தோன்றும்; சதை நெகிழும்; மணம் பிறக்கும். இம்மாற்றங்கள் யாவற்றையும் தொடக்கி வைப்பது எதிலீன் என்னும் வாயு. முற்றிய காய் அதைத் தானே உண்டாக்குகின்றது.

எரிவாயு விளக்குகளிலிருந்து கசியும் எதிலீன் செடிகளின் வளர்ச்சியை மாற்றுகின்றது என்பதை இரசியாவைச் சேர்ந்த நெலியூபோவ் என்பார் 1901ஆம் ஆண்டிலே கண்டறிந்தார். பழங்கள் தாமே அவ்வாயுவை வெளியிடுகின்றன என்பதை இங்கிலாந்திலே கேன் என்பார் 1934ஆம் ஆண்டிலே நிறுவினார். ஒரு பழுத்த பழம் கூடையிலிருந்தால் மற்றவையும் விரைந்து பழுக்கும் என்று முன்னோர் கண்டறிந்த உண்மைக்கு இதுவே விளக்கமாகும்.

இங்கே கமக்காரர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எந்த வாயுவும் காயினுள் இல்லாத மாச்சத்தைப் புதிதாக உண்டாக்கமாட்டாது. முற்றாத காயின் தோலை மஞ்சளாக்கலாம். அதன் சதையை இனிப்பாக்க முடியாது. ஆதலால் பழத்தின் சுவை பழுக்க வைக்கும் அறையிலன்று, தோட்டத்திலேயே தீர்மானிக்கப்படுகின்றது. காயின் பட்டைகள் மழுங்கி உருண்டு வரும் வரையிற் பொறுத்திருந்து வெட்டுவதே முதல் விதி. சந்தை தொலைவாயின் சிறிது முன்னதாகவும், அண்மையாயின் நன்கு முற்றியபின்னும் வெட்டலாம்.

காபைட்டுக் கல்லின் தீமை

இரும்பு ஒட்டும் பட்டறைகளிலே பயன்படும் கல்சியம் காபைட்டு என்னும் கல்லைச் சிறு பொட்டலமாகக் கட்டிக் குலைகளிடையே வைப்பது பல நாடுகளிலே காணப்படும் தீய வழக்கமாகும். காற்றின் ஈரமோ காயின் ஈரமோ பட்டவுடன் அக்கல்லிலிருந்து அசற்றலீன் என்னும் வாயு எழும். அது எதிலீனைப் போன்றே செயற்பட்டுக் காயை மஞ்சளாக்கும். சாம்பல் நிறமான சுண்ணாம்புத் தூள் அடியில் எஞ்சும்.

இதில் கேடு எங்கேயுள்ளது? பட்டறைக்கென ஆக்கப்படும் காபைட்டு தூய்மையானதன்று. ஆசனிக்கு எனும் பாடாணமும் பொசுபரசும் அதிலே கலந்திருத்தல் கூடும். ஈரம் பட்டதும் அவையும் நச்சு வாயுக்களாகிப் பழத்தின்மேற் படியலாம். அசற்றலீனோ சிறு பொறி பட்டாலும் வெடித்து எரியும் இயல்புடையது. மூடிய அறையிலே காபைட்டை வைத்துவிட்டு விளக்கோடு அதனுள் நுழைபவர் தம் உயிரைப் பணயம் வைக்கின்றார். கல்லைத் தொடும் கைகளிலும் கண்களிலும் புண் உண்டாகும். உண்பவருக்கு நேரக்கூடிய தீங்கிற்கு முன்னரே, பழுக்க வைப்பவருக்கும் அவர் வீட்டாருக்கும் தீங்கு வந்து சேர்கின்றது.

இந்தியாவிலே காபைட்டால் பழங்களைப் பழுக்க வைப்பது நெடுங்காலமாகவே தடை செய்யப்பட்டுள்ளது. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் அத்தடையை உறுதி செய்தன. இலங்கையிலே 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், உடல் நலத்திற்குக் கேடு விளைக்கும் பொருள் சேர்ந்த உணவை ஆக்குவதையும் விற்பதையும் குற்றமாக்குகின்றது.

காபைட்டால் பழுத்ததைக் கண்ணால் அறிதல் எளிதன்று. தோல் முழுவதும் ஒரே மஞ்சளாயிருக்க, உள்ளே சதை கடினமாயும் மணமற்றும் இருப்பின் ஐயங்கொள்ளலாம். எனினும், முற்றாத காயை வேறு முறையாற் பழுக்க வைத்தாலும் அவ்வாறே தோன்றும். ஆகையால் நிறத்தை மட்டும் கொண்டு ஒரு வியாபாரியைக் குற்றஞ்சாட்டுதல் ஆகாது. பழத்தை நன்கு கழுவி, உரித்து உண்பதும், நம்பிக்கையான கமக்காரரிடம் வாங்குவதும் வாங்குவோர் செய்யத்தக்கவை.

புகைக் கிடங்கு

நிலத்திலே கிடங்கு வெட்டி, வாழைச் சருகு பரப்பி, குலைகளை அடுக்கி, மேலே மீண்டும் சருகும் மண்ணும் இட்டு மூடி, ஒரு துளை வழியே பொச்சுமட்டைப் புகையைச் செலுத்துவது யாழ்ப்பாணத்தின் பழைய முறையாகும். புகையிலே சிறிதளவு எதிலீன் உண்டு. வெப்பமும் துணை செய்கின்றது. வேறு மருந்து எதுவும் இம்முறைக்கு வேண்டியதில்லை.

எனினும் இதற்கும் குறைகள் உள. கிடங்கின் ஒரு மூலையில் வெப்பம் மிகுந்து காய் வெந்துவிடுவதும், மற்றொரு மூலையில் பச்சையாகவே இருப்பதும் வழக்கம். புகை மிகுந்தால் தோல் கறுத்து விலை குறையும். பிளாத்திக்கு, இரப்பர், நெய் பூசிய பலகை முதலியவற்றை எரித்துப் புகையூட்டுதல் ஒருபோதும் கூடாது. அவற்றின் புகையிலே நஞ்சு உண்டு. கிடங்கைத் திறந்தவுடன் தலையை உள்ளே நீட்டுதலும், சிறுவரை உள்ளே இறக்குதலும் பேராபத்தாகும். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் வாயுவுக்கு மணமோ நிறமோ இல்லை. மூச்சோடு உட்சென்று உயிரையும் மாய்க்கும். கிடங்கு நன்கு காற்றோடும் வரையிற் பொறுத்திருத்தல் அவசியம்.

ஏற்ற முறைகள்

வீட்டுத் தேவைக்குச் சில சீப்புகளைப் பழுக்க வைப்போர், நன்கு பழுத்த இரண்டு மூன்று பழங்களை அவற்றோடு வைத்து, ஒரு பெட்டியிலோ சாக்கிலோ ஒருநாள் மூடி வைத்தாற் போதும். பழுத்த பழத்திலிருந்து எழும் எதிலீனே வேலையைச் செய்துவிடும். காசு செலவில்லாத இம்முறையைவிட எளிதானது வேறில்லை.

பெருந்தொகையான குலைகளை விற்போருக்கு எதிலீன் அறை ஏற்றதாகும். காற்றுப் புகாத அறையிலே, காற்றின் பத்து இலட்சம் பங்கிற்கு 100 பங்கு எதிலீன் இருக்குமாறு செலுத்தி, ஏறத்தாழ ஒருநாள் மூடி வைப்பர். இந்தியாவின் விதிகளும் இந்த 100 பங்கையே உச்ச எல்லையாகக் கொள்கின்றன. இவ்வளவிலே தீப்பிடிக்கும் அச்சம் இல்லை. எதிலீன் தீப்பற்றுவதற்குக் காற்றில் அது இவ்வளவைப்போல் இருநூற்றைம்பது மடங்கிற்கு மேலாக இருத்தல் வேண்டும். பின்னர் அறையைத் திறந்து, பழங்கள் மூச்சுவிட்டதனால் நிறைந்த காபனீரொட்சைட்டை வெளியேற்றுவர். அறையின் வெப்பநிலை 16 முதல் 20 பாகை வரை இருப்பின் பழம் சீராக நிறம் பெறும். 13 பாகைக்குக் கீழே குளிரவிட்டால் தோல் கறுத்துவிடும். வாழைப்பழத்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கெடுத்தோர் இதனை அறிவர். இத்தகைய அறையைத் தனியொருவர் அமைத்தல் அரிது. கமக்காரர் பலர் சங்கமாக இணைந்து அமைத்துக்கொள்ளின் செலவு பங்கிடப்படும்.

எதிபோன் என்னும் திரவத்தைப் பற்றியும் கூறவேண்டும். இது தோட்டப் பயிர்களுக்கென ஆக்கப்பட்ட வளர்ச்சி ஒழுங்காக்கி. அமிலத்தன்மை குறைந்தவுடன் எதிலீனை வெளியிடும். அதை நீரிற் கலந்து குலையை முக்கி எடுப்பது விரும்பத்தக்கதன்று. மருந்தின் மீதி தோலிலே தங்கும். அறையின் ஒரு மூலையிலே பாத்திரத்தில் வைத்து, அதிலிருந்து எழும் வாயு மட்டும் காயைச் சேருமாறு செய்தலே முறையாகும். இதற்குச் சேர்க்கும் காரம் தோலை அரிப்பது. ஆகவே விவசாயப் போதனாசிரியரின் நேரடி அறிவுரை பெறாமல் இதிலே இறங்குதல் கூடாது.

மிஞ்சிய பழம் வீணாகாதிருக்க

விலை விழுந்த காலத்திலே பழத்தை ஜாம் எனப்படும் பாகாக ஆக்கி வைப்பது இல்லத்திற்கு வருவாய் தரும் நல்ல தொழிலாகும். மூன்று சேர்க்கைப் பொருள்கள் இதற்குத் தேவை. அவை ஒவ்வொன்றும் எதற்காகச் சேர்கின்றது என்பதை அறிந்து செய்தால் வேறு மருந்து வேண்டியதில்லை.

முதலாவது சீனி. பாகிலே நூற்றுக்கு 65 பங்கிற்கு மேற்பட்டுக் கரைபொருள் இருப்பின், நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நீர் கிட்டாது. சீனியைக் குறைத்து மிச்சம் பிடிக்க நினைப்பவர் பாகைப் பூஞ்சணத்திற்குக் கொடுக்கின்றார்.

இரண்டாவது அமிலம். மாம்பழம், அன்னாசி ஆகியவற்றைப் போலன்றி வாழைப்பழம் புளிப்புக் குறைந்தது. அதன் அமிலநிலை பெரும்பாலும் 4.5இற்கும் 5.2இற்கும் இடைப்பட்டது. அமிலநிலை எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். 4.6இற்கு மேற்பட்ட அமிலநிலையுடைய உணவைப் போத்தலில் அடைத்து வைத்தால், கொடிய நஞ்சை உண்டாக்கும் ஒருவகைப் பற்றீரியா வளர இடமுண்டு. ஆகவே வாழைப்பழப் பாகிலே சித்திரிக்கமிலமோ தேசிக்காய்ச் சாறோ சேர்ப்பது சுவைக்காக மட்டுமன்று, அது உயிர்க்காப்பாகும். 1 கிலோகிராம் பழச்சதைக்கு 5 கிராம் சித்திரிக்கமிலத்தோடு தொடங்கி, அமிலநிலை காட்டும் கடதாசியால் சோதித்து, எண் 3.5 அளவிற்கு வரும்வரை சிறிது சிறிதாகக் கூட்டலாம். சித்திரிக்கமிலத்தின் சருவதேச இலக்கம் 330. தேசிக்காயிலும் தோடம்பழத்திலும் இயற்கையாகவுள்ள புளிப்பு இதுவே.

மூன்றாவது பெக்ரின். இதன் இலக்கம் 440. பழங்களின் தோலிலும் சதையிலும் உள்ள இப்பொருள், சீனியும் அமிலமும் போதிய அளவில் இருக்கும்போது பாகை இறுகச் செய்யும். இதனால் தீங்கில்லை.

இவற்றைச் சேர்த்து, குளிர்ந்த நீரிலே ஒரு துளி இட்டால் கரையாது நிற்கும் பதம்வரை காய்ச்சி, கொதிநீரில் அவித்தெடுத்த போத்தல்களிலே சூட்டோடு நிரப்பி மூடினால், பாகு மாதக்கணக்கிற் கெடாதிருக்கும்.

ஒரு தேக்கரண்டியின் கணக்கு

இனி, அச்சம் விளைக்கும் வழக்கம் ஒன்றைக் கூறவேண்டும். சோடியம் மெற்றாபைசல்பைற்று என்னும் வெள்ளைத் தூள், இலக்கம் 223, பழவற்றல் கறுக்காதிருக்கவும் பழச்சாறு நொதிக்காதிருக்கவும் பயன்படுவது. இது கந்தகவீரொட்சைட்டை வெளியிட்டு நுண்ணுயிர்களை அடக்குகின்றது. உரிய அளவிலே இது அனுமதிக்கப்பட்ட பொருளே. எனினும் உரிய அளவு எத்துணைச் சிறிது என்பதை அறியாமல், 1 கிலோகிராம் பழச்சதைக்கு ஒரு தேக்கரண்டி என்று இடுவோர் இருப்பின் நேர்வது என்ன?

ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 5 கிராம். அதில் மூன்றில் இரு பங்கு கந்தகவீரொட்சைட்டாகும். அஃதாவது ஏறத்தாழ 3,300 மில்லிகிராம். சருவதேச நியமம் பாகுக்கு வகுத்த எல்லையோ 1 கிலோகிராமுக்கு 100 மில்லிகிராம். எனவே எல்லையைப்போல் முப்பத்து மூன்று மடங்கு சேர்ந்துவிடுகின்றது. நிபுணர் குழு வகுத்த அளவு உடல் நிறையின் 1 கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 0.7 மில்லிகிராம். 30 கிலோகிராம் நிறையுள்ள பள்ளிச் சிறுவனுக்கு இது 21 மில்லிகிராம். தேக்கரண்டிக் கணக்கிலே ஆக்கிய பாகு 30 கிராமைப் பாணிற் பூசி உண்டால், காய்ச்சும்போது ஆவியாவது போக எஞ்சியதும் அவ்வளவைக் கடந்துவிடக் கூடும். காய்ச்சியபின் சேர்த்ததாயின் அச்சிறுவன் உட்கொள்வது ஏறத்தாழ 100 மில்லிகிராம். உரிய அளவிற் சேர்த்த பாகிலோ அதே 30 கிராமில் 3 மில்லிகிராமே இருக்கும்.

ஈளை நோயாளருக்கு இப்பொருள் சிறிதளவிலேயே மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். உணவிலுள்ள உயிர்ச்சத்து பி1ஐயும் இது அழிக்கின்றது. பச்சையாக உண்ணும் பழங்களிலும் காய்கறிகளிலும் இதைத் தெளிப்பதை அமெரிக்க அரசு 1986ஆம் ஆண்டிலே தடை செய்தது.

முன்னர்க் கூறியவாறு நன்கு காய்ச்சிய பாகுக்கு இத்தூள் தேவையே இல்லை. வற்றலுக்கோ சேமித்து வைக்கும் பழச்சதைக்கோ இன்றியமையாததாயின், கைப்பிடியாலும் கரண்டியாலும் அளத்தலை விட்டுத் தராசிலே நிறுத்தல் வேண்டும். 1 கிலோகிராம் சதையிலே 100 மில்லிகிராம் கந்தகவீரொட்சைட்டு இருக்க 150 மில்லிகிராம் தூள் போதும். இவ்வளவு சிறிய நிறையை வீட்டுத் தராசில் நிறுக்க இயலாது. ஆதலால் 3 கிராம் தூளை 1 இலீற்றர் நீரிலே கரைத்து வைத்துக்கொண்டு, 1 கிலோகிராம் சதைக்கு அந்நீரில் 50 மில்லிலீற்றர் சேர்க்கலாம். அன்றாடம் புதிதாகக் கரைத்துக் கொள்ளுதல் நன்று.

சோடியம் பென்சோவேற்று என்னும் மற்றொரு தூள், இலக்கம் 211, புளிப்புள்ள உணவிலேயே நன்கு செயற்படும். அமிலம் சேர்க்காத வாழைச்சதையிலே இதை எவ்வளவு இட்டாலும் பயன் குறைவு. பயனில்லை என்று கண்டு மேலும் மேலும் சேர்ப்பது பெருந்தவறாகும்.

நிறத்தூள்

பாகும் இனிப்பும் கண்ணைக் கவர வேண்டுமென நிறம் சேர்ப்பது உண்டு. உணவுக்கென அனுமதிக்கப்பட்ட நிறங்கள் சில உள; துணிக்கும் கடதாசிக்கும் ஆக்கப்பட்ட சாயங்களும் உள. இவை இரண்டும் பொட்டலத்திலே ஒன்றுபோலவே தோன்றும். புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் 2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே பஞ்சு மிட்டாய் விற்பனை தடை செய்யப்பட்டது. யாழ்ப்பாணத்தார் தும்பு முட்டாசு என்று கூறும் அப்பண்டத்திலே, உரோடமைன்-பி என்னும் துணிச்சாயம் கலந்திருந்தமை பரிசோதனையிலே வெளியானதே காரணம். கோயில் வீதிகளிலே சிறுவர் விரும்பி வாங்கும் பண்டம் அது.

அனுமதிக்கப்பட்ட நிறங்களிலும் கவனம் வேண்டும். தாத்திரசீன் என்னும் மஞ்சள் நிறம், இலக்கம் 102, அளவோடு பயன்படுத்தத் தக்கதெனக் கொள்ளப்படுகின்றது. எனினும் இது உள்ளிட்ட ஆறு நிறங்களைச் சேர்த்த பண்டங்களிலே, சிறுவரின் கவனத்தையும் செயலையும் பாதிக்கக்கூடும் என்னும் எச்சரிக்கையை அச்சிடுதல் வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2010ஆம் ஆண்டு முதல் விதித்துள்ளது. வாழைப்பழப் பாகு இயற்கையிலே மங்கிய பழுப்பு நிறமுடையது. அந்நிறத்தோடு விற்பதே நேர்மையாகும்.

அச்சமும் உண்மையும்

பொதுமக்கள் அஞ்சும் பொருள் யாவும் தீயன அல்ல. அஞ்சாத பொருள் யாவும் நல்லன அல்ல. மொனோசோடியம் குளூற்றமேற்று என்னும் சுவைகூட்டும் உப்பை 1908ஆம் ஆண்டிலே சப்பானியரான இக்கேதா என்பார் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தார். அதைப் பற்றிய அச்சம் பரவலாக உண்டு. நிபுணர் குழு 1987ஆம் ஆண்டிலே ஆராய்ந்து, அதற்கு எண்ணளவிலான எல்லை வகுக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தது. ஆயினும் கெட்ட இறைச்சியின் சுவையை மறைக்க அதைப் பயன்படுத்துவது ஏமாற்று. அப்பழி உப்பைச் சாராது, ஏமாற்றியவரையே சாரும்.

மறுபுறத்திலே, எவரும் அஞ்சாது அள்ளி உண்ணும் சீனியையும் உப்பையும் பற்றி உலக சுகாதாரத் தாபனம் ஓயாது எச்சரித்து வருகின்றது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமிற்குக் குறைவான உப்பே போதும். இலங்கையிலே 2016ஆம் ஆண்டு முதல் குளிர்பானப் போத்தல்களிலே சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளங்களால் காட்டும் விதி நடைமுறைக்கு வந்தது. அவ்விதியின்படி 100 மில்லிலீற்றரில் 11 கிராமிற்கு மேற்பட்ட சீனி உள்ள பானம் சிவப்பு அடையாளம் பெறும். வீட்டிலே ஆக்கிய வாழைப்பழப் பாகிலும் பெரும்பங்கு சீனியே. ஆகையால் அது தொட்டுக்கொள்ளும் அளவில் உண்ணத்தக்கது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. முற்றாத குலையை வெட்டலாகாது. முற்றாத காயை எம்மருந்தும் இனிக்கச் செய்யாது.

2. காபைட்டுக் கல்லைத் தோட்டத்திற்கோ பழக் கடைக்கோ கொண்டு வருதல் கூடாது.

3. புகைக் கிடங்கைத் திறந்ததும் காற்றோட விட்டுப் பின்னரே குலைகளை எடுத்தல் வேண்டும்.

4. வாழைப்பழப் பாகிலே அமிலம் சேர்க்க மறத்தல் கூடாது.

5. பெயரும் இலக்கமும் இல்லாத பொட்டலத்திலே விற்கப்படும் எத்தூளையும் உணவிலே சேர்த்தல் கூடாது. சேர்க்கும் தூளைத் தராசிலே நிறுத்தே சேர்த்தல் வேண்டும்.

6. விற்பனைக்கு வைக்கும் போத்தலிலே சேர்ந்த பொருள்கள் யாவற்றையும், ஆக்கிய திகதியையும் எழுதுதல் வேண்டும். சல்பைற்று சேர்ந்திருப்பின் அதனைத் தவறாது குறிப்பிடுதல் ஈளை நோயாளருக்குப் பேருதவியாகும்.

7. ஐயம் எழுமிடத்துப் பழுக்க வைத்தலைப் பற்றி விவசாயப் போதனாசிரியரையும், விற்பனை உணவைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் கலந்து ஆலோசித்தல் நன்று.

திருவிழாக் காலத்திலே இரண்டு நாள் முந்திச் சந்தைக்குப் போன குலை, அவ்வாண்டு சில ரூபாய்களைக் கூடுதலாகத் தரலாம். மஞ்சள் தோலை உரித்து உள்ளே சப்பென்ற காயைக் கண்டவர், அடுத்த ஆண்டு அதே கடையிலே நின்று, இது எவ்வூர்க் குலை என்று கேட்பார். நீர்வேலி என்ற விடை அவரை அப்போதும் வாங்கச் செய்ய வேண்டுமாயின், இவ்வாண்டுக் குலையை முற்றவிட்டு வெட்டுவதும், அளவறிந்து ஆக்குவதும் கமக்காரரின் கையிலேயே உள்ளன.